மல்லிகைக்கு மருந்து நிறுத்திய வருடம்

ஜனவரி 9, வியாழன்

தினமும் எழுத வேண்டும் என்று திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இவருக்குக் கை எப்போது நடுங்குகிறது, எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டார், தூங்கினாரா என்பதெல்லாம். அடுத்த முறை வரும்போது நோட்டைக் காட்ட வேண்டுமாம். மகள் கௌசல்யா பன்னிரண்டாம் வகுப்பில் பாதி எழுதி விட்ட நோட்டு ஒன்று பீரோ மேல் கிடந்தது. அதில் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து முப்பது வருடம் ஆகிறது. கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது.

இவர் பெயர் இருளப்பன். வயது ஐம்பத்திரண்டு. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை. அது போக, இருபத்திரண்டு வருடமாக ஊரில் எல்லோருடைய பூத்தோட்டத்துக்கும் கூலிக்கு மருந்து அடித்தவர். முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டியதில்லை. இப்போது டீ கிளாஸைப் பிடித்தால் பாதி சட்டையில்தான்.

“மருந்து அடிச்சதாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா இனிமே அது பக்கமே போகக்கூடாது” என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் சொன்னார்: “தவமணி, இனி நம்ம தோட்டத்துல மருந்தும் வேணாம், உரமும் வேணாம்.”

“நீங்க அடிக்க வேணாம். ஆளை விட்டு அடிச்சுக்கிருவோம்.”

“யாரும் அடிக்க வேணாம்.”

“பூவுதானங்க. யாரு திங்கப் போறா?”

“பூ எடுக்குறவுக கை இருக்குல்ல” என்றார்.

சரி என்றேன். பஸ்ஸில் சண்டை போட முடியாது.

ஜனவரி 10

காலையில் நடுக்கம் அரை மணி நேரம். இரண்டு தோசை. தூக்கம் சரியில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

வத்தலக்குண்டில் இயற்கை விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்தார். இரண்டு தாள் கொடுத்திருக்கிறார்கள். வந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மண்ணில் குத்திப் பார்க்க என்னிடம் சொன்னார். நாலு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. கீழே ஓடு மாதிரி இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சினால் மேலேயே நின்று, காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. பத்து வருடமாக இப்படித்தான். நாங்கள் பார்க்காமல் இல்லை. உரத்தை ஒரு மூட்டை கூட்டிப் போடுவோம், அவ்வளவுதான்.

“இது செத்துப் போச்சு” என்றார் இவர். வேறு யாரோ கொன்றது போலச் சொன்னார்.

உரத்துக்குப் பதிலாக, பிளாஸ்டிக் டிரம்மில் சாணம், கோமியம், வெல்லம், கடலை மாவு, வரப்பு மண் ஒரு கை. காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். இவர் கையால் குச்சி நிற்காது. கலக்குவது நான். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சொல்வது இவர்.

பிப்ரவரி 7, வெள்ளி

கவாத்து செய்த செடிகளுக்கு இடையில் தட்டைப்பயறு, கொள்ளு, எள், கம்பு என்று கலந்து விதைத்தோம். வளர்ந்து பூ விடும்போது மடக்கி மண்ணிலேயே போட வேண்டுமாம்.

அடுத்த தோட்டம் மலைராசுவுடையது. இவரிடம்தான் மருந்து அடிக்கப் பழகினான். இப்போது பவர் ஸ்பிரேயர் வாங்கி ஊருக்கெல்லாம் அவன்தான் அடிக்கிறான். வரப்பில் நின்று சிரித்தான். “என்ன மாமா, பூவைப் பிடுங்கிட்டு பலசரக்குக் கடை வைக்கப் போறீகளா?”

இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரவு இவர் நன்றாகத் தூங்கினார்.

பிப்ரவரி 8

இடுப்பு வலி. எனக்கு. அதை டாக்டரம்மா கேட்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மொட்டு வரத் தொடங்கிவிட்டது. புழுவும் வந்துவிட்டது. பொடிப்பொடியாக, பச்சையாக, மொட்டைத் துளைத்து உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. சில மொட்டுகள் ஊதா நிறமாகித் தடித்துப் போகின்றன. வேப்பங்கொட்டையை இடித்து ஊற வைத்து வடிகட்டித் தெளித்தோம். பூண்டு, இஞ்சி, மிளகாய் அரைத்தும் தெளித்தோம். அரைத்த என் கை இரண்டு நாள் எரிந்தது. புழுவுக்கு எரிந்ததா என்று தெரியவில்லை.

பூ எடுக்க ஐந்து பேர் வருகிறார்கள். கூட்டி வருவது பஞ்சவர்ணம் அக்கா. பதினாறு வருடமாக எங்கள் தோட்டத்துக்கு வருகிறவள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், மெலிந்த உடம்பு, கை மட்டும் மெஷின். ஒவ்வொரு வருடமும் வெயில் காலத்தில் அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரியும். இன்று விரலை விரித்துக் காட்டினாள். “பாரு தவமணி. இன்னும் உரியல.”

நான் கூடையைப் பார்த்தேன். கூடை பாதிதான்.

மார்ச் 30, ஞாயிறு

போன வருடம் இதே சமயத்தில் ஒரு நாளைக்கு முப்பது கிலோ. இன்று பதினொன்று. நிலக்கோட்டையில் கமிஷன் கடைக்காரர் என் பூவை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார். “நிறம் ஏறியிருக்குக்கா. மாலைக்கு ஆகாது. உதிரிப்பூவாத்தான் போகும்.” எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இவரிடம் சொல்லவில்லை. நடுக்கம் காலை, மாலை இரண்டு வேளையும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவர் தினமும் விடியும் முன் எங்களோடு வந்துவிடுகிறார். பூப் பறிக்க முடியாது, விரல் நடுங்கி மொட்டு நசுங்கிவிடுகிறது. அதனால் புழு பொறுக்குகிறார். ஒரு செடிக்குப் பதினைந்து நிமிடம். தோட்டத்தில் எத்தனை ஆயிரம் செடி.

பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். ஆனால் காலையில் எனக்கு வந்தது கோபம். அதையும் எழுதிவிடுகிறேன். ஊரில் அத்தனை தோட்டத்துக்கும் அடித்துவிட்டு, சொந்தத் தோட்டத்தில் வந்து புண்ணியம் தேடுகிறார் என்று தோன்றியது.

இலையைத் திருப்பிப் பார்த்து, “தவமணி, இங்க வா, பொறிவண்டு” என்று கூப்பிட்டார். சிவப்பாக, கறுப்புப் புள்ளியோடு ஒரு சின்ன வண்டு. அது கெட்ட பூச்சிகளைத் தின்னுமாம். “இருபது வருசத்துல இதை நான் நம்ம தோட்டத்துல பார்த்ததில்ல” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு வண்டு என்ன செய்யும் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கௌசல்யா வந்து இவரை மதுரைக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே நரம்புக்கு ஏதோ டெஸ்ட். சனிக்கிழமைதான் வருவார். இந்த வாரக் கடைசியில் வரிசையாக முகூர்த்தம். பூவை விட்டுவிட்டு நான் எங்கே போக.

ஏப்ரல் 23, புதன்

எழுத ஒன்றுமில்லை. இவர் இங்கே இல்லை. நோட்டு இவருக்குத்தானே.

ஏப்ரல் 24, வியாழன்

பூ பத்து கிலோ. பஞ்சவர்ணம் அக்கா பாதியில் போய்விட்டாள். தலைசுற்றல். வெயில் என்றார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

பூ பதினெட்டு கிலோ. புழு ஒன்றுகூட இல்லை. “இன்னிக்குத்தான்க்கா பூ மாதிரி இருக்கு” என்றார் கமிஷன் கடைக்காரர். டீ வாங்கிக் கொடுத்தார். அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 26, சனி

இவர் வந்துவிட்டார். டெஸ்ட்டில் புதிதாக ஒன்றுமில்லை, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். சாப்பிட்டதும் தோட்டத்துக்குக் கிளம்பினார். வெயில் தாழட்டும் என்றேன். கேட்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

வரப்பில் சற்று நேரம் நின்றார். இறங்கி ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு இலை. அடுத்த செடி. செடிக்கு அடியில் உட்கார்ந்து எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். செத்துப்போன பொறிவண்டுகள். கை நடுங்கி இரண்டு கீழே விழுந்தன.

எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 28, திங்கள்

மூன்று நாளாக இரண்டு பேரும் சரியாகப் பேசவில்லை. எழுதிவிட்டால் கொஞ்சம் குறையும் என்று எழுதுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் மலைராசுவைக் கூப்பிட்டது நான்தான். அவனாகக் கேட்கவில்லை. போன் செய்து, மாமா ஊரில் இல்லை, ஒரே ஒரு தடவை அடித்துக் கொடு என்றேன். ஒரு மணி நேரத்தில் முடித்தான். “மூணு நாளைக்குப் பூ எடுக்காதீகத்தே” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் மீது குற்றம் இல்லை.

மூன்று நாள் விட்டால் முகூர்த்தம் போய்விடும். அதற்காகத்தானே அடித்ததே.

வியாழன் விடியற்காலை ஐந்து பேரும் வந்தார்கள். நான் தடுக்கவில்லை. பஞ்சவர்ணம் அக்கா முதல் செடியில் கை வைத்ததும் நின்றாள். “என்னடி வாடை இது?”

“வேப்பெண்ணெய்க்கா. கூட ஊத்திட்டேன்” என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது.

அவள் சரி என்று எடுக்கத் தொடங்கினாள். நானும் எடுத்தேன். நான் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டேன். அவளுக்குச் சுற்றிக்கொள்ளச் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வியர்வை ஆறாக ஊற்றியது. வாயில் எச்சில் நிற்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். கூடப் போனது அவளோடு வேலை செய்யும் ராக்கு. நான் போகவில்லை. பூவைச் சந்தைக்குக் கொண்டு போனேன்.

அங்கே நர்ஸ் கேட்டிருக்கிறார், மருந்து அடிச்ச தோட்டமா என்று. அந்த நிலையிலும் பஞ்சவர்ணம் அக்கா, “இல்ல தாயி, தவமணி மருந்தே அடிக்கிறதில்ல. அவ தோட்டத்துல என் விரலே ஆறிப்போச்சு” என்று கையைக் காட்டினாளாம். ராக்கு சாயங்காலம் வந்து பெருமையாகச் சொன்னாள். வெயில் மயக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறாள்.

இவ்வளவையும் நேற்று இரவு இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“சாயங்காலம் அடிச்சிட்டுப் போவேன். விடியக்காலம் வேற தோட்டத்துக்கு அடிக்கப் போறப்போ பார்ப்பேன், அதே தோட்டத்துல பொம்பளைக எடுத்துக்கிட்டு நிப்பாக. ஒருநாளும் நின்னு ஏன்னு கேட்டதில்ல. கூலி வாங்கியாச்சு, நம்ம வேலை முடிஞ்சதுன்னு போயிருவேன். இருபத்திரண்டு வருசம்.”

பிறகு, “நீ போய் அவகிட்டச் சொல்லிரு” என்றார்.

“நீங்களும் வாங்க.”

“நான் வந்தா அவ உன்னைத் திட்ட மாட்டா. நீ மட்டும் போ.”

மே 1

தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. நிலக்கோட்டைக்குத் தூக்கிப் போனேன். நேரம் ஆகிவிட்டது.

மே 3

ரேஷன். துணி. பஞ்சவர்ணம் அக்கா வீட்டுத் தெரு வழியாகத்தான் வந்தேன். கதவு சாத்தியிருந்தது போல இருந்தது.

மே 6, செவ்வாய்

போனேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். குடிக்காமலே சொல்லிவிட்டேன்.

நான் சொல்லி முடிக்கும் வரை கல்லை ஓங்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். புளியைத் தட்டவும் இல்லை, கல்லைக் கீழே வைக்கவும் இல்லை.

“அப்ப வேப்பெண்ணெய் இல்ல.”

“இல்லக்கா.”

“ஆஸ்பத்திரியில கேட்டாகடி. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது, அப்பவும் உன் தோட்டத்துல மருந்து கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னேன். செத்திருந்தா அந்தப் பொய்யோடதான செத்திருப்பேன்?”

காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

“நாளைலருந்து மலைராசு தோட்டத்துக்குப் போறேன்” என்றாள்.

“அவன் வாராவாரம் அடிக்கிறானேக்கா!”

“அடிப்பான். அடிச்சா அடிச்சேன்னு சொல்லிருவான். நான் போறதும் போகாததும் என் இஷ்டம்.”

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். குழைந்துவிட்டது. இவர் அதையே சாப்பிட்டார்.

மே 8

அவளோடு மற்ற நால்வரும் போய்விட்டார்கள். காரணம் கேட்டால் “அக்கா போகுது, நாங்களும் போறோம்” என்கிறார்கள். அவள் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை போல.

மே 17, சனி

நேற்று மதியம் நல்ல மழை, ஒரு மணி நேரம் கொட்டியது. விட்டதும் தோட்டத்துக்குப் போனோம். மலைராசு தோட்டத்தில் பாத்தி நிறையத் தண்ணீர், கலங்கலாக வரப்பை உடைத்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் தண்ணீரைக் காணோம். மடக்கிப் போட்ட பயறும் கம்பும் மக்கி, கறுப்பாக மெத்தை மாதிரி கிடந்தன. கால் வைத்தால் அமுங்கியது. மண் குடித்துவிட்டிருக்கிறது.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் கழற்றவில்லை. எனக்கு அந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்கக் கூச்சமாக இருந்தது. நான் ஒரு சாயங்காலம் செய்தது தெரியாதது போல, அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரி. நோட்டைக் காட்டச் சொன்னார் டாக்டரம்மா. சில பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன். கிழிக்கவில்லை. அவர் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்று, முழுவதும் படித்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்கு டாக்டர். எங்ககிட்ட வரதில்ல.”

“இப்படி ஆனா, என்ன மருந்து அடிச்சதுன்னு அந்த டப்பாவோட ஆஸ்பத்திரிக்கு வரணும். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க” என்றார். சத்தம் போடவில்லை. இவருக்கு நடுக்கம் குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நோட்டைத் திருப்பித் தரும்போது, “உங்க தூக்கத்தையும் எழுதுங்கம்மா” என்றார்.

எனக்குத் தூக்கம்: மூன்று மணி நேரம்.

ஜூலை 8, செவ்வாய்

நான் ஒருத்திதான் எடுக்கிறேன். விடியும் முன் தொடங்கினால் எட்டு மணிக்குள் நாலு கிலோ, ஐந்து கிலோ. மீதி செடியிலேயே விரிந்துவிடுகிறது. விரிந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள். புழு போன மாதத்தைவிடக் குறைவு. பொறிவண்டு திரும்பி வந்திருக்கிறது என்கிறார் இவர். சிலந்தி வலை முகத்தில் ஒட்டுகிறது. கடைக்காரர் இப்போதெல்லாம் பூவை ஒதுக்கி வைப்பதில்லை. பாராட்டுவதும் இல்லை.

மொட்டு நன்றாக இருக்கிற நேரத்தில் எடுக்க ஆளில்லை. யாரிடம் போய்ச் சொல்ல.

இவருக்கு வேலை ஒன்று கிடைத்துவிட்டது. தென்னை மட்டை, கரும்புச் சோகை எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து செடிக்கு அடியில் மூடாக்காகப் போடுகிறார். அணைத்துப் பிடித்தால் கை நடுங்குவது தெரியவில்லை.

தூக்கம்: இவர் ஆறு. நான் நாலு.

ஜூலை 9

அசதி. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டது. சாயங்காலம் களை வெட்டிக்கொண்டிருந்தேன். வரப்பில் யாரோ நிற்பது போலத் தெரிந்து நிமிர்ந்தால், பஞ்சவர்ணம் அக்கா. மலைராசு தோட்டத்து வழியாக வந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தனை பூவும் செடியிலேயே வெடிச்சுக் கெடக்கு. தெனமும் அந்தப் பக்கம் நின்னு பாக்கவே முடியலடி.”

“ஆளில்லக்கா.”

“எங்கிட்டச் சொன்ன, சரி. அந்த நாலு பேரும் அன்னிக்கு அதே பூவைத்தான எடுத்தாளுக? ராக்குக்கு ரெண்டு நாள் கண்ணெரிச்சல். அவளுக எங்கிட்டக் கேட்டாளுக, ஏன் தவமணிகிட்டப் போறதில்லன்னு. அதை நான் சொல்லக்கூடாது, நீதான் சொல்லணும்னு வாயை மூடிக்கிட்டு இருக்கேன். மூணு மாசமா.”

மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

“நாளைக்குக் கூட்டியாறேன். அவளுக மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. அப்பறம் இருக்கிறவ இருக்கட்டும், போறவ போகட்டும்.”

ஆகஸ்ட் 28, வியாழன்

விடியற்காலை ஐந்து பேரும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார்கள். வெளிச்சம் எல்லாம் என் முகத்தில். அவர்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

சித்திரையில் மருந்து அடித்ததை, வேப்பெண்ணெய் என்று சொன்னதை, தெரிந்தே எடுக்க விட்டதை, எல்லாம் சொன்னேன். இவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் முடித்ததும் முன்னால் வந்தார். “நான் அடிச்ச தோட்டத்துலயும் நீங்க மறுநாளே எடுத்திருக்கீக. எனக்குத் தெரியும். அதையும் சேர்த்துக்கங்க” என்றார். குரலும் நடுங்கியது. அது வியாதியா என்று தெரியவில்லை.

ராக்கு கூடையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். இன்னொருத்தியும் அவள் பின்னால் போனாள். பஞ்சவர்ணம் அக்கா அவர்களைத் தடுக்கவில்லை.

ராக்கு போட்ட கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதல் செடிக்குப் போனாள். கை வைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன அடிச்சிருக்கு?”

“ஒன்னும் அடிக்கலக்கா. போன திங்கக்கிழமை வேப்பங்கொட்டைக் கரைசல்.”

ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தாள். பிறகுதான் எடுக்கத் தொடங்கினாள்.

பூ பதினாறு கிலோ.

செப்டம்பர் 14, ஞாயிறு

இவருக்கு நடுக்கம் காலையில் இருபது நிமிடம். இட்லி நாலு. தூக்கம் இவர் ஆறு, நான் ஐந்து.

ராக்கு வரவில்லை. வருவாள் என்று தோன்றவில்லை. மற்றவள் போன வாரம் திரும்பி வந்தாள். போன வருடம் இதே நாளில் எடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பூ இருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்கிறார் இவர். இரண்டு வருடம் என்று சொல்லும்போதே எனக்குக் கால் வலிக்கிறது.

பஞ்சவர்ணம் அக்கா தினமும் முதல் செடியில் நின்று, “என்ன அடிச்சிருக்கு?” என்று கேட்கிறாள். நான் சொல்கிறேன். மோந்து பார்க்கிறாள். பதினெட்டு நாளாக ஒருநாள்கூட விடவில்லை. முதல் சில நாள் எனக்கு முகம் சுருங்கும். இன்று காலை அவள் வருவதற்கு முன்பே நான் முதல் செடியிடம் போய் நின்றுகொண்டேன். அவள் கேட்டாள். சொன்னேன்.

நாளைக்கும் கேட்பாள். கேட்கட்டும்.